பூதத்து முட்டைக்கு ஒரு துடிப்பு

ஜன்னல் கண்ணாடி கடகடங்குது பாருங்க, கோவிச்சுக்காம இந்தப் பேப்பர மடிச்சு அந்த இடுக்குல சொருகுங்க அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. ஆங், போதும். பஸ்ஸுல அம்பது பேரு இருக்கோம், யாருக்கும் அது ஒரு சத்தமாவே படல. எனக்கு மட்டும் திருநெல்வேலியில ஏறினதுல இருந்து உயிர எடுத்துட்டு. தொழில் அப்படி ஆக்கி வச்சிருக்கு.

திசையன்விளைக்கா போறீங்க? நானும் அந்தத் தடந்தான். நமக்கு அதுக்கு முந்தியே, ஆண்டியார்விளைக்கு ரோடு பிரியுற விலக்குல இறங்கணும். வீட்டுக்காரி ஊரு. ராஜகனின்னு பேரு. மெட்ராஸுல இருந்து கோவிச்சுட்டு வந்து அஞ்சு மாசமாச்சு. கூட்டிட்டுப் போகத்தான் வாறேன். வெறுங்கையோட போனா வர மாட்டா. ஒண்ணு கேட்டிருக்கா, அதக் குடுத்தா வருவா. கொண்டாந்திருக்கேன். இந்தப் போனுக்குள்ளதான் இருக்கு.

நீங்க என்ன தொழில்? முருங்கைக்காய் மண்டியா! அட, கையக் குடுங்க அண்ணாச்சி, நீங்க நமக்குச் சொந்தம்லா. உங்க ஊருக் காய வச்சு நான் எத்தனை பேரு கைய கால முறிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. பயப்படாதீங்க, சினிமாவுல. சண்டையில எலும்பு முறியுற சத்தம் கேக்கும்லா, அது முருங்கைக்காய்தான். ஈரத்துணியில சுத்தி, மைக்குப் பக்கத்துல கொண்டுபோயி, ஒரே மூச்சுல ஒடிக்கணும். இளங்காய்னா விரலு. முத்தல்னா தொடை எலும்பு. கோயம்பேட்டுல காய் வாங்கும்போது காதோரமா வச்சு வளைச்சுப் பாப்பேன். வியாபாரி பைத்தியக்காரன்னு நெனைப்பான். நெனைச்சுட்டுப் போறான்.

எம்பேரு வைகுண்டமணி. சாலிகிராமத்துல எஃபெக்ட்ஸ் மணின்னா சின்னப் புள்ளையும் வழி காட்டும். நடிகரு நடிச்சுட்டுப் போயிருவாரு, டப்பிங் பேசுறவங்க பேசிட்டுப் போயிருவாங்க, பாட்டு ஒருத்தரு போடுவாரு. மிச்சம் உள்ள சத்தம் பூரா நான். நடக்குறது, கதவு தொறக்குறது, சேலை உரசுறது, கன்னத்துல அறை விழுறது. அதுலயும் பேய், பூதம், ராட்சச மிருகம்னு வந்துட்டா என்னைத்தான் கூப்பிடுவாங்க. புலின்னா மிருகக்காட்சி சாலைக்குப் போயிப் பிடிச்சுட்டு வரலாம். பூதத்துக்கு எங்க போக? எவன் கேட்டிருக்கான் அது எப்படிக் கத்தும்னு?

சொல்லுதேன் கேளுங்க. பூதம் நடக்கணுமா, கோணிச்சாக்குல ஈர மணல அடைச்சு, பலகை மேல பொத்து பொத்துன்னு போடணும். அது வாயத் தொறந்தா எச்சில் ஒழுகுற சத்தம் வேணும். அதுக்கு வெண்டைக்காய வேகவச்சுப் பிசைஞ்சு, ரெண்டு உள்ளங்கையிலயும் தடவி, ஒட்டி ஒட்டிப் பிரிக்கணும். சதை கிழியுறதுக்கு முட்டைக்கோஸ். செதில் உரசுறதுக்குப் பனையோலைப் பாய். உறுமலுக்கு உறுமியே இருக்கு. நம்ம கோயில் கொடைத் திருவிழாவுல அடிப்பாங்கள்லா, அதே உறுமி மேளந்தான். கம்ப வச்சு மெதுவா இழுத்து, கம்ப்யூட்டர்ல போட்டு வேகத்தப் பாதியாக் குறைச்சா, தியேட்டர்ல சின்னப் புள்ளைங்க அம்மா மடியில மூஞ்சியப் பொதைச்சிக்கிடும். ராஜகனி திட்டுவா, "காய்கறி வாங்கியாங்கன்னா, சமைக்க ஒண்ணும் மிச்சம் வைக்காம பூதத்துக்கே ஆக்கிப் போட்டுட்டு வாறீங்களே அத்தான்"னு. சிரிச்சிக்கிட்டேதான் திட்டுவா. நல்ல சிரிப்பு அவளுக்கு.

அவ அம்மாக்காரி இருக்காளே, எம்மாமியா, அவதான் நாக்குல நரம்பில்லாம பேசிட்டுத் திரியுதா. "எம்மருமவன் பெத்த புள்ளையத் தூக்கிப் பூதத்துக்குக் குடுத்துட்டான்"னு ஆண்டியார்விளை பூரா சொல்லியிருக்கா. கடைக்காரன்கிட்டச் சொல்லியிருக்கா, கோயில் பூசாரிகிட்டச் சொல்லியிருக்கா. என்ன பேச்சு அண்ணாச்சி இது? ஒரு மனுசனப் பாத்துச் சொல்லுத பேச்சா? நீங்க மூணாம் மனுசன். எனக்கும் வேண்டியவரு இல்ல, அவளுக்கும் வேண்டியவரு இல்ல. நடந்ததச் சொல்லுதேன், கேட்டுட்டு நியாயத்த நீங்களே சொல்லுங்க.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருசம் புள்ள இல்ல. ஏறாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. ஒம்பதாவது வருசம் தங்குச்சு. ராஜகனிக்குக் காலு தரையில படல. அந்த நேரத்துலதான் ஒரு படம் எங்கிட்ட வேலைக்கு வந்துச்சு. ஏரிக்குள்ள ஒரு பூதம். பொம்பளப் பூதம். கரையில ஒரு முட்டை இட்டு வச்சிருக்கும், ஊர்க்காரங்க அதத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதத் தேடிக்கிட்டுத்தான் பூதம் ஊருக்குள்ள வரும். டைரக்டரு சின்ன வயசு, மங்கைவேந்தன்னு பேரு, மரியாதையான புள்ள. "மணி அண்ணே, பூதம் உறுமுறது, மிதிக்கிறது எல்லாம் பிரமாதம். ஆனா அந்த முட்டைக்குள்ள ஒரு உயிர் இருக்குன்னு சனங்க நம்பணும். முட்டையக் காட்டினா, சத்தத்தக் கேட்டு மனசு இளகணும்"னாரு.

நானும் பண்ணிப் பாத்தேன். தோல் பந்துல விரலத் தட்டினேன். ஈரத்துண்ட மடிச்சு அடிச்சேன். தவில் தோலுல பெருவிரல வச்சு அமுக்கினேன். எல்லாம் துடிப்பு மாதிரி இருந்துச்சு. மாதிரிதான். டைரக்டருக்குப் பிடிச்சிருந்துச்சு, எனக்குப் பிடிக்கல.

அப்பதான் ராஜகனியச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். அஞ்சாம் மாசம். வயித்துல பசை மாதிரி ஒண்ணத் தடவி, சோப்பு டப்பா அளவுல ஒரு கருவிய வச்சாங்க டாக்டரம்மா. மொதல்ல சரசரன்னு காத்து மாதிரி ஒரு சத்தம். அப்புறம் டக்டக் டக்டக்னு, குதிரை ஓடி வாற மாதிரி. அம்புட்டு வேகம் அண்ணாச்சி! இருபத்தஞ்சு வருசமா சத்தத்துலயே கிடக்குற மனுசன் நான். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பையில எப்பவும் ஒரு சின்ன ரெக்கார்டர் வச்சிருப்பேன். டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், சிரிச்சிக்கிட்டே சரின்னுட்டாங்க. மூணு நிமிசம் பிடிச்சேன். ராஜகனி இடையில ஏதோ சொல்ல வாயெடுத்தா. சும்மா இருன்னு கையக் காட்டினேன். ரெக்கார்டிங் போகும்போது யாரும் பேசக்கூடாதுல்லா.

அதக் கொண்டுபோயி, வேகத்தக் குறைச்சு, அடியில தவிலக் கலந்து, தண்ணிச் சத்தத்துக்குள்ள முங்க வச்சேன். டைரக்டரு கேட்டுட்டு எந்திரிச்சு வந்து கட்டிப்பிடிச்சாரு. "அண்ணே, இது உயிரு"ன்னாரு. நான் வீட்டுக்கு வந்து, "ஏட்டி, உம்புள்ள பொறக்குறதுக்கு முந்தியே சினிமாவுக்கு வந்துட்டு"ன்னேன். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. "பூதத்துக்கா வச்சீங்க? வேற சத்தமே கிடைக்கலியா அத்தான்?"னா. "பூதமும் ஒரு தாய்தானட்டி"ன்னேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலேன்னா சரின்னுதான அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா அம்மாக்காரிக்குப் போன் போட்டு அழுதிருக்கா. எனக்கு அது பின்னாலதான் தெரியும்.

படத்துக் கடைசியில அந்த முட்டைய உடைச்சிருவாங்க. ஒருத்தன் கடப்பாரைய ஓங்கி அடிப்பான். ஓடு உடையுறதுக்கு ரெண்டு மண்பானையும் ஒரு கொட்டாங்கச்சியும் உடைச்சேன். அதுக்குப் பெறவு அந்தத் துடிப்பு தட்டுத் தடுமாறி நிக்கணும். எந்த இடத்துல நிக்கணும்னு டைரக்டரு சொன்னாரு. நான்தான் நிறுத்தினேன். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு இழுத்தேன், வெட்டினேன், அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தோணல அண்ணாச்சி. சத்தியமாத் தோணல. சுத்தமான வெட்டுன்னு சந்தோசப்பட்டேன். வீட்டுக்குப் போற வழியில அவளுக்கு மாங்காய் வாங்கிட்டுப் போனேன்.

முனைஞ்சிப்பட்டி வந்துட்டா? இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்லா. சரி.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்த முடிச்சுக் குடுத்துட்டேன்னா, அந்தப் படத்துக்காகப் பிடிச்ச சத்தம் அத்தனையும் அழிச்சிருவேன். மத்தவன்லாம் சேத்து வச்சு, ஒரே கதவ அம்பது படத்துல தொறப்பான். அதே நாயி அம்பது படத்துல குரைக்கும். நான் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் புதுசாத்தான் பிடிப்பேன். பழசு கையில இருந்தா சோம்பல் வந்துரும், அதனால வச்சுக்கிடவே மாட்டேன். அதுல எனக்கு ஒரு கெத்து. சாலிகிராமத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, மணி ஒருக்காப் போட்ட எச்சில் சத்தத்தத் திருப்பிப் போட மாட்டாருன்னு.

இந்தப் படத்தையும் அப்படித்தான் குடுத்துட்டு, உக்காந்து அழிச்சேன். மணல் மூட்டை போச்சு, வெண்டைக்காய் போச்சு, உறுமி போச்சு. இந்தத் துடிப்பு வந்துச்சு. நிசமாவே அழிக்கவான்னு கம்ப்யூட்டரு ஒரு தடவை கேக்கும்லா, கேட்டுச்சு. ஒரு நிமிசம் யோசிச்சேன். சத்தம் என்னத்துக்கு, இன்னும் மூணு மாசத்துல புள்ளையே வரப்போவுது, ராவும் பகலும் வீடு இடியக் கத்தப்போவுதுன்னு நெனச்சேன். அழிச்சிட்டேன்.

அழிச்சதுல இருந்து பதினாறாம் நாளு காலையில ராஜகனி காப்பி போட்டுக்கிட்டே நின்னவ, அடுப்ப அணைச்சிட்டு வந்து, "அத்தான், நேத்து மத்தியானத்துல இருந்து அசைவே தெரியல"ன்னா. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். அதே ரூமு, அதே டாக்டரம்மா, அதே கருவி. வயித்துல வச்சாங்க. சரசரன்னு காத்துச் சத்தம் வந்துச்சு. அதுக்குப் பின்னால ஒண்ணும் வரல. இங்க வச்சுப் பாக்காங்க, அங்க வச்சுப் பாக்காங்க. எனக்கு மொத வினாடியிலயே தெரிஞ்சு போச்சு. ராஜகனி கருவியப் பாக்கல, டாக்டரம்மாவப் பாக்கல, எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. இந்த மனுசனுக்குச் சத்தம் தெரியும், இவரு மூஞ்சியப் பாத்தாப் போதும்னு நெனச்சிருப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஆம்பளப் புள்ள. முழுசா இருந்தான். விரலு, நகம், புருவம், எல்லாம். சத்தம் மட்டும் இல்ல.

மாமியா வந்தா. வந்த அன்னைக்கே என்னைக் கூடத்துல நிறுத்தி வச்சுக் கேட்டா, "மொத துடிப்ப யாருக்கய்யா குடுத்த? அந்தப் பூதத்துக்கா குடுத்த?"ன்னு. டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க, கொடி சுத்திட்டு, யாரு தப்பும் இல்ல, இதெல்லாம் நடக்கும்னு. நானும் அதத்தான் எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். தினமும் சொல்லிக்கிடுதேன். ஆனா அந்தக் கோடு இழுத்து வெட்டினது இருக்கே, அது மட்டும் அப்பப்ப இந்த விரல்ல வந்து நிக்கும். உங்ககிட்டத்தான் சொல்லுதேன், வேற யார்ட்டயும் சொன்னதில்ல.

ஒரு மாசம் அவ பேசல. அழவும் இல்ல. ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, "அத்தான், அன்னைக்கு ஒண்ணு பிடிச்சீங்கள்லா, அத ஒரு தடவை போடுங்க. கேக்கணும்"னா. போட்டோ இல்ல. பேரு வைக்கல. தொட்டில் வாங்கல. உலகத்துல அவன் இருந்தான்னு சொல்லுததுக்கு அது ஒண்ணுதான் இருக்குன்னு அவ நெனச்சிக்கிட்டு இருந்திருக்கா. அழிச்சிட்டேன்னு எப்படிச் சொல்ல? நீங்களே சொல்லுங்க, எந்த வாயால சொல்ல? "ஸ்டுடியோவுல இருக்கு, கொண்டாறேன்"னுட்டேன்.

படத்துல இருக்குறதப் பிரிச்சு எடுக்கலாமான்னு பாத்தேன். தவிலும் தண்ணியும் பின்னணி இசையும் சேந்து கிடக்கு. கடைஞ்ச மோருல இருந்து தயிர எப்படி எடுக்க? ரெண்டு நாள் முட்டிப் பாத்தேன், முடியல. மூணாம் நாள் ஸ்டுடியோக் கதவப் பூட்டினேன். சட்டையக் கழத்திட்டு, ஈரத்துண்ட நாலா மடிச்சு எம்நெஞ்சு மேல போட்டு, மைக்க இறக்கி வச்சேன். பெருவிரலால தட்ட ஆரம்பிச்சேன். நிமிசத்துக்கு நூத்தி நாப்பத்தஞ்சு. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். டக்டக் டக்டக்.

மூணு நிமிசம் போதும். மூணு நிமிசம் முடிஞ்சுது. விரல எடுக்க முடியல அண்ணாச்சி. எடுத்தா நின்னுரும்லா? நான் எடுத்தா நின்னுரும். நாலு நிமிசம் ஆச்சு, அஞ்சு நிமிசம் ஆச்சு, கை மரத்துப்போச்சு, தோள்பட்டை கழண்டு விழுந்துரும் போல இருக்கு, தட்டிக்கிட்டே இருக்கேன். அழுக வந்துட்டு. அழுத சத்தம் மைக்குல விழுந்துரக் கூடாதுன்னு இந்தக் கையால வாயப் பொத்திக்கிட்டு, அந்தக் கையால தட்டிக்கிட்டு இருக்கேன். பதினோரு நிமிசம். அதுக்கு மேல விரலு வரல. நானா நிறுத்தல, தானா நின்னுட்டு.

மன்னிச்சுக்கிடுங்க. தண்ணி இருக்கு, இருக்கு, பாட்டில் வச்சிருக்கேன்.

அதுல நல்லதா மூணு நிமிசத்த வெட்டி, முன்னால அந்தச் சரசரச் சத்தத்தையும் சேத்து, அவ போனுல போட்டுக் குடுத்தேன். காதுல மாட்டிக்கிட்டா. வயித்து மேல கைய வச்சிக்கிட்டா. அன்னைக்குத்தான் அண்ணாச்சி அவ மொத மொத வாய்விட்டு அழுதா. அப்புறம் தினமும் கேப்பா. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட ஆரம்பிச்சா. தலை சீவினா. வாசல் தெளிச்சா. நான் என்ன நெனச்சேன்? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், ஒருத்திய எந்திரிச்சு நடக்க வச்சிருக்கே, என் தொழிலுல இதவிட வேற என்ன வேணும்னு நெனச்சேன். பெருமையாக்கூட இருந்துச்சு. ஆமா, பெருமைதான். மறைக்க என்ன இருக்கு?

நாப்பது நாள் கேட்டா. நாப்பத்தொண்ணாம் நாள் காதுல இருந்து கழத்தி வச்சிட்டு என்னைப் பாத்து, "அத்தான், என் விக்கல் எங்க?"ன்னா.

எந்த விக்கல்? எனக்கு ஒண்ணும் புரியல. அவ சொல்லுதா, "அன்னைக்கு அந்த ரூமுல எனக்கு விக்கல் எடுத்துச்சு. மூணு தடவை விக்கினேன். தண்ணி கேக்க வாயெடுத்தேன், நீங்க சும்மா இருன்னு கையக் காட்டினீங்க. நான் விக்குதப்பல்லாம் உள்ள அவன் ஒரு துள்ளுத் துள்ளினான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இதுல அது ஒண்ணுமே இல்லியே." மொத நாளே தெரிஞ்சிருக்கு அவளுக்கு. நாப்பது நாளும், எங்கயாவது வராதா, நாமதான் கவனிக்காம விட்டுட்டோமான்னு தேடித் தேடிக் கேட்டிருக்கா.

நான் சட்டுனு, "அதெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்ட்டி, இடைஞ்சலா இருந்துச்சு"ன்னேன். அவ போனத் தள்ளி வச்சா. அப்புறம் சொன்னா, "சுத்தம் பண்ணாதது எனக்கு வேணும் அத்தான். நானும் அவனும் சேந்து இருக்குறது அது ஒண்ணுலதான்"னு. மறுநாள் பையத் தூக்கிட்டு ஊருக்கு வந்துட்டா. சண்டை போடல, கத்தல. "அது கிடைச்சதும் கொண்டாங்க, வாறேன்"னு மட்டும் சொன்னா. அஞ்சு மாசமா போன் பண்ணினா ஒரே ஒரு கேள்விதான். கிடைச்சுட்டா? இல்லேன்னா போன வச்சிருவா.

அதான் இந்தத் தடவை ஒரு குறை வைக்கல நான். முந்தி அவசரத்துல செஞ்சது, தப்பு இருந்துச்சு, ஒத்துக்கிடுதேன். இது அப்படி இல்ல. அதே டாக்டரம்மா ரூமுக்குப் போயி, வெளிய உக்காந்து, ஃபேன் சத்தத்தப் பிடிச்சேன். துடிப்பப் புதுசாத் தட்டினேன். விக்கலுக்கு என்ன செய்யன்னு யோசிச்சேன். யாரையாவது விக்கச் சொன்னா அவ கண்டுபிடிச்சிருவா. எங்க கல்யாண வீடியோவ எடுத்துப் பாத்தேன். பாலும் பழமும் குடுக்கும்போது இவளுக்கு விக்கல் எடுக்கும், எல்லாரும் சிரிப்பாங்க. மூணு தடவை விக்குதா. ராஜகனியே விக்குதா! பின்னால நாதஸ்வரம். அத இழை இழையாப் பிரிச்சு எடுக்க எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு. ஒவ்வொரு விக்கலுக்கும் துடிப்பு ஒரு துள்ளுத் துள்ளுத மாதிரி விரல மாத்தி மாத்தித் தட்டினேன். இந்தா, கேக்கீங்களா? காதுல மாட்டுங்க. சத்தம் போதுமா? கேளுங்க.

எப்படி இருக்கு? பாத்தீங்களா, உங்களுக்கே கண்ணு கலங்கிட்டு. நெசந்தான்னு யாரும் சத்தியம் பண்ணுவாங்க.

என்ன சொல்லுதீங்க? குடுக்க வேண்டாமா? உண்மையச் சொல்லிரவா? லேசாச் சொல்லிட்டீங்க அண்ணாச்சி. நீங்க முருங்கைக்காய் விக்கிறவரு, காய் முத்தல்னா முத்தல்னு சொல்லிருவீங்க. நான் போயி, உம்புள்ளைய நானே ஒரு பட்டனத் தட்டி அழிச்சிட்டேன், நீ நாப்பது நாளு கேட்டு அழுதது எம்பெருவிரல் சத்தம்னு சொன்னா, அவ இருப்பாளா? வருவாளா? எனக்கும் வேற யாரு இருக்கா? அந்த வீட்டுல நான் ஒத்தையில கிடந்து என்ன பாடுபடுதேன்னு யாருக்குத் தெரியும்? சும்மா இருங்க. இட்டமொழி தாண்டிட்டு. இனி பேச என்ன இருக்கு?

என்ன? நிசத் துடிப்பும் இப்படித்தான் இருந்துச்சான்னா கேக்கீங்க?

இப்படியேதான். அச்சு அசல் இப்படித்தான். இல்ல, கொஞ்சம் இன்னும்... இருங்க. கொஞ்சம் இருங்க, யோசிச்சுச் சொல்லுதேன். குதிரை ஓடி வாற மாதிரின்னு சொன்னேன்லா, அது வார்த்தை, வார்த்தை ஞாபகம் இருக்கு. சத்தம்... வர மாட்டேங்குது அண்ணாச்சி. கண்ண மூடினா எம்பெருவிரல்தான் கேக்கு. ஈரத்துண்டுதான் கேக்கு. அதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல.

அவன் எனக்கும் புள்ளதான? அன்னைக்கு நான் கேட்டேனா? மைக்கு நேரா இருக்கா, ஃபேன் சத்தம் விழுதா, மூணு நிமிசம் ஆச்சான்னு பாத்துக்கிட்டு நின்னேன். விக்கல்கூட என் காதுல விழல. அவ கேட்டிருக்கா. அவகிட்ட மட்டுந்தான் இருக்கு இப்ப. இதக் கொண்டுபோயிக் குடுத்தேன்னா, தினமும் ரெண்டு தடவை கேப்பா. கேட்டுக் கேட்டு, அவளுக்கும் இதுதான் நிக்கும். அதுவும் போயிரும்லா? எனக்குப் போன மாதிரியே அவளுக்கும் போயிரும்லா? அப்புறம் எங்க இருப்பான் அவன்?

அய்யோ, விலக்கு வந்துட்டு. கண்டக்டர், ஆண்டியார்விளை! கொஞ்சம் நிறுத்துங்க, இறங்கணும்!

அண்ணாச்சி, அவளே வந்து நிக்கா. அந்த வேப்பமரத்துக்கிட்ட, பச்சைச் சேலை. விலக்குக்கெல்லாம் வர வேண்டாம், வெயிலா இருக்கும்னு சொன்னேன். வந்து நிக்கா பாருங்க. மெலிஞ்சு போயிட்டா. என்னைப் பாத்துட்டா. சிரிக்கா. ஓடி வாறா. இறங்கவிட மாட்டா போல, ஜன்னலுக்கே வாறா. போனக் கேட்டுக் கைய நீட்டுதா.

ஏட்டி ராஜகனி, இரு, இறங்கி வாறேன். இல்ல, இரு. இங்கனயே கேட்டுக்கோ, கீழ இறங்கினா எனக்குச் சொல்ல வராது. இது அவனோடது இல்லட்டி. நான் செஞ்சது. முந்தி குடுத்ததும் நான் செஞ்சதுதான். அது இல்ல. அன்னைக்குப் பிடிச்சத நான் அப்பவே அழிச்சிட்டேன், புள்ள பொறக்கப் போவுதேன்னு அழிச்சிட்டேன். எங்கயும் இல்லட்டி. உன் ஞாபகத்துல இருக்குறதுதான் இருக்கு. இதக் கேட்டுராத. உனக்கு நான் வேண்டாம்னாலும் சரி, இத மட்டும் கேட்டுராத.

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, ஒரு நிமிசம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கேட்டுட்டா அண்ணாச்சி. நான் சொன்னது எல்லாம் கேட்டுட்டா. சிரிப்பு நின்னுட்டு. கைய மட்டும் இறக்க மாட்டேங்குதா.